காரை இறக்கணுமா? நீடாமங்கலம் கேட்டைக் கேளுங்கள்!

டர்போ இன்ஜின் வைத்த சின்ன கார் வீட்டுக்கு வந்ததும், பல இளைஞர்களுக்கு அடுத்து இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, ஸ்பிரிங்கை மாற்றி காரைத் தரையோடு தரையாக இறக்குவது. இன்னொன்று, பெரிய அலாய் வீல் போடுவது. ரீல்ஸில் அப்படி நிற்கும் கார்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை ஓடும் ரோடு வேறு, இந்தக் கார் ஓடப்போகும் ரோடு வேறு.

இந்தக் கார் தஞ்சாவூர் போக வேண்டும், மன்னார்குடி போக வேண்டும், ஆலங்குடி குரு கோயிலுக்கு வீட்டில் இருக்கும் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் சஸ்பென்ஷனுக்கும் வீலுக்கும் பணம் எடுத்து வைப்பதற்கு முன்னால் ரோட்டைப் படிக்க வேண்டும்.

ரோடு என்ன சொல்கிறது?

நீடாமங்கலம் பக்கத்தில்தான் வெண்ணாறு பிரிந்து கோரையாறு, பாமணியாறு என ஓடுகிறது. சுற்றிலும் வயல், வாய்க்கால், களிமண். இந்த மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேலே போட்ட தார் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அடியில் மண் அசைந்தால் ரோடு அலை அலையாக மாறிவிடும். கண்ணுக்குப் பள்ளமே தெரியாது. ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கார் மேலே எழும்பி உட்காரும்.

நடவுக் காலத்தில் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் ரோட்டில் ஏறி இறங்கினால் தார் பெயர்ந்துவிடும். அறுவடை நேரத்தில் ரோட்டின் பாதி நெல் காயும் களமாகிவிடும். நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, அது பறக்காமல் இருக்க ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். இருட்டில் அந்தக் கல், தாழ்வான காரின் பம்பருக்கும் ஆயில் சம்புக்கும் எமன்.

அடுத்து ரயில்வே கேட். நாகப்பட்டினம் போகும் தேசிய நெடுஞ்சாலை 83-ல் கார் ஓட்டியவர்களுக்கு நீடாமங்கலம் கேட்டைத் தெரியாமல் இருக்காது. தஞ்சாவூர் - திருவாரூர் ரயில் பாதையும் மன்னார்குடி பாதையும் இங்கே சேர்கின்றன. பயணிகள் ரயில் போதாதென்று நெல்லும் அரிசியும் ஏற்றும் சரக்கு ரயில்கள் வேறு. கேட் திறந்ததும் லாரி, பஸ், பைக் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். அந்த நெருக்கடியில் மேடு பள்ளம் பார்த்து, ஓரமாகக் கோணலாக ஏற்றி இறக்க யாருக்கும் இடம் கிடைக்காது. முன்னால் இருப்பவர் போன தடத்தில்தான் போக வேண்டும். தாழ்ந்த காருக்கு இதுதான் உண்மையான பரீட்சை.

வேகத்தடைக் கணக்கு

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி, வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். அதன் வளைவின் ஆரம் 17 மீட்டர். அதாவது, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மேடு. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 2.58 மீட்டர் இருக்கும் ஒரு காருக்கு, இந்த மேட்டில் ஏறும்போது வயிற்றுப்பக்கம் சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலே போதும். எவ்வளவு தாழ்ந்த கார் என்றாலும் தாண்டிவிடும்.

ஆனால் தெருமுனையில் இருக்கும் மேடுகளில் பல இந்த அளவில் இல்லை. ஒரு மீட்டர் அகலத்தில், செங்குத்தாக, 12 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மேடு என்று வையுங்கள். முன் சக்கரம் இறங்கிவிட்டது, பின் சக்கரம் இன்னும் ஏறவில்லை. இப்போது முழு 12 சென்டிமீட்டரும் காரின் வயிற்றுக்குக் கீழே நிற்கிறது.

ஆள் இல்லாதபோது 17 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள கார், ஐந்து பேரும் சாமான்களும் ஏறியதும் 4 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்றால் மீதி 13. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் மயிரிழையில் தப்பிக்கலாம். அதே காரை 3 சென்டிமீட்டர் இறக்கினால் மீதி 10. அப்போது மேட்டில் இடிக்காமல் போகவே முடியாது. கணக்கு இவ்வளவுதான்.

இந்த இடத்தில் வீட்டில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "ஏந்தம்பி, அப்பாயியை இதுல ஏத்திக்கிட்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போயி வரணுமே, அதுக்கு இடுப்பு தாங்குமா?" என்று அப்பா கேட்பார். "இறக்குனா வளைவுல நல்லா நிக்கும்ப்பா" என்று பையன் சொல்வான். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எது எவ்வளவு உண்மை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இறக்கினால் கிடைப்பது எவ்வளவு?

காரின் எடையெல்லாம் குவியும் மையப்புள்ளி தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். வளைவில் திரும்பும்போது, உள்பக்கச் சக்கரங்களில் இருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறும். காரை 3 சென்டிமீட்டர் இறக்கினால் அந்த மாற்றம் சுமார் 5 சதவீதம் குறையும். பையன் சொன்னது இதுதான்.

ஆனால் கையிருப்பில் இருந்து ஒன்று போகிறது. ஸ்பிரிங் அமுங்குவதற்கு ஓர் எல்லை உண்டு. அதன் முடிவில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை இருக்கிறது. உதாரணத்துக்கு, சக்கரம் மேலே ஏற 8 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்றால், ஆட்கள் ஏறியதும் 4 போய்விடும். இறக்கியதில் இன்னும் 3 போனால் மிச்சம் ஒரே ஒரு சென்டிமீட்டர். அலை அலையான ரோட்டில் இது நிமிடத்துக்கு நிமிடம் தீர்ந்து, கார் நேராக ரப்பரில் மோதும். அந்த நொடியில் ஸ்பிரிங் இல்லாத மாட்டு வண்டிக்கும் காருக்கும் அதிக வித்தியாசம் இல்லை. சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு கிடையாது, பிரேக்கும் பிடிக்காது.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான சின்ன கார்களில் முன்னால் மேக்பெர்சன் ஸ்டிரட், பின்னால் டுவிஸ்ட் பீம். காரை அதிகம் இறக்கும்போது முன்பக்க லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்கிறது. அப்படிச் சாய்ந்தால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றி உருளுமோ அந்தப் புள்ளி மையப்புள்ளியைவிட வேகமாகக் கீழே போய்விடும். விளைவு, உருளும் விசை குறைவதற்குப் பதில் கூடலாம். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் தானாக இழுக்கும் தொல்லையும் சேரும். பார்க்க ரேஸ் கார், ஓட்டினால் பிடிவாதக் கார் என்று ஆவது இப்படித்தான்.

கோயம்புத்தூர் சொன்ன 4 மில்லிமீட்டர் பாடம்

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாட்டா மோட்டார்ஸும் சேர்ந்து 2018-ல் டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. என்ற இரண்டு கார்களைக் கொண்டுவந்தன. சாதாரண டியாகோவைவிட அதிக சக்தி: 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 114 பி.எஸ்., 150 நியூட்டன் மீட்டர் டார்க்.

ஜெயம் நிறுவனம் மோட்டார் ரேஸ் துறையில் ஊறியது. செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கும் ஊர் கோயம்புத்தூர். அங்கே இருப்பவர்களுக்குக் காரை இறக்கத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர்கள் இறக்கியது வெறும் 4 மில்லிமீட்டர்.  ஸ்பிரிங், ஷாக் செட்டிங்கை இறுக்கினார்கள். 15 இன்ச் வீலில் அகலமான 185 டயர் போட்டார்கள். 17 இன்ச் வீலுக்குப் போகவில்லை.

2020-ல் அந்தக் கார்கள் நிறுத்தப்பட்டுவிட்டன. ஆனால் பாடம் அப்படியே இருக்கிறது. இந்திய ரோட்டில் வேகமான கார் வேண்டும் என்றால் உயரத்தைக் குறைப்பது கடைசி வேலை, ஷாக்கைச் சரிசெய்வதும் டயரைச் சரிசெய்வதும் முதல் வேலை.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட ரேஸ் டிராக் இருக்கிறது. அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் ஹூண்டாய் தொழிற்சாலையும் இருக்கிறது. 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன், 120 பி.எஸ். சக்தி கொண்டது. கம்பெனி அதற்குக் கொடுத்த டயர் 195/55 ஆர்16. டிராக் பக்கத்திலேயே இருந்தும் கம்பெனி 16 இன்ச்சோடு நிறுத்தியிருக்கிறது.

முதலில் எதை மாற்றுவது?

எதையும் மாற்றாமல் தொடங்குவதுதான் நல்லது. 40,000 கிலோமீட்டர் ஓடிய காரில் லோயர் ஆர்ம் புஷ், ஸ்டிரட் மவுன்ட், ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்திருக்கலாம். கார் ஆடுகிறது, தட்டுகிறது என்று சொல்பவர்கள் பலருக்கும் தேவைப்படுவது புது ஸ்பிரிங் இல்லை, இந்தச் சின்னச் சின்ன ரப்பர்கள்தான். இவற்றை மாற்றி, வீல் அலைன்மென்ட், பேலன்சிங் செய்து, டயரில் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்று வைத்து ஓட்டிப் பாருங்கள். பாதி ஆசை அதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து டயர். காரும் ரோடும் தொடும் இடம், நான்கு டயரையும் சேர்த்தாலும் நான்கு உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைதான் பிரேக், திருப்பம், வேகம் எல்லாவற்றையும் தாங்குகிறது. கம்பெனி கொடுத்த அதே அளவில் நல்ல டயர் போட்டாலே ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும் தூரம் குறையும். வடகிழக்குப் பருவமழையில், வாய்க்கால் நிறைந்து ரோட்டில் தண்ணீர் வழியும் மாதங்களில், இந்தப் பணம் முழுசாகத் திரும்பக் கிடைக்கும்.

மூன்றாவது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது. அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். அலை ரோட்டில் கார் இரண்டு, மூன்று முறை எழும்பி உட்கார்ந்தால் ஸ்பிரிங் சரியில்லை என்று நினைப்பார்கள். உண்மையில் ஷாக் தளர்ந்திருக்கும். கம்பெனி உயரத்திலேயே பொருந்தும் நல்ல ஷாக்குகள் சந்தையில் இருக்கின்றன. பில்ஸ்டீன் நிறுவனத்தின் பி6 வரிசை அப்படிப்பட்டது. அதே நிறுவனத்தின் பி8, உயரம் குறைந்த ஸ்பிரிங்குக்காகச் செய்தது. கோனி நிறுவனத்தின் எஃப்.எஸ்.டி. தொழில்நுட்பம், சின்னச் சின்ன அதிர்வுக்கு மென்மையாகவும் பெரிய அசைவுக்கு இறுக்கமாகவும் வேலை செய்கிறது. அப்பாயியின் இடுப்புக்கும் பையனின் ஆசைக்கும் நடுவே சமாதானம் செய்வது இந்த வகைதான். உங்கள் கார் மாடலுக்கு எது கிடைக்கும் என்பதைப் பார்ட் நம்பர் வைத்துக் கேட்டு வாங்குங்கள். 'இதுவும் பொருந்தும்' என்பதை நம்ப வேண்டாம்.

நான்காவதுதான் ஸ்பிரிங். கட்டாயம் இறக்க வேண்டும் என்றால், டெல்டா ரோட்டுக்கு 15 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஸ்பிரிங்கை வெட்டிச் சின்னதாக்கும் வேலை வேண்டவே வேண்டாம். சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடலாம். பழைய ஷாக்கின் மேல் இறுக்கமான புது ஸ்பிரிங் மாட்டினாலும் பயன் இல்லை. ஷாக்கால் அதை அடக்க முடியாது, கார் குதிக்கும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாகத்தான் மாற வேண்டும். மாற்றிய மறுநாளே அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

வீல் வாங்கும் முன் ஐந்து கணக்குகள்

*மொத்த உயரம்:* 195/55 ஆர்16 டயரின் உயரம் 621 மில்லிமீட்டர். 205/45 ஆர்17 டயரின் உயரம் 616. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட சரியாகவே காட்டும். உயரம் இப்படி ஒத்துவருகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

*பக்கச் சுவர்:* மொத்த உயரம் ஒன்றுதான், ஆனால் ரப்பர் குறைந்துவிட்டது. 16 இன்ச் டயரில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 107 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கும். 17 இன்ச்சில் 92 தான். பெயர்ந்த தார் விளிம்பில் மோதும்போது அந்த 15 மில்லிமீட்டர்தான் ரிம்மைக் காப்பாற்றும். ரிம் பெரிதாகும்போது பெரும்பாலும் எடையும் கூடும். ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் எடை, சக்கரம் துள்ளுவதைக் கூட்டும்.

*சுமை எண்:* டயரில் அளவுக்குப் பக்கத்தில் 87V, 84V என்பது போல எழுதியிருக்கும். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. நான்கு டயருக்கும் சேர்த்தால் 180 கிலோ குறைகிறது. மூன்று பெரியவர்களின் எடை அது. வயல் வேலைக்கு விதை மூட்டையும் ஏற்றும் காரில் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. பழைய டயரின் எண்ணைவிடக் குறைவான எண் வேண்டாம்.

*ஆஃப்செட்:* ரிம்மின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் அது உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். இ.டி. என்று ரிம்மில் எழுதியிருக்கும். 6 இன்ச் அகல இ.டி. 45 ரிம்மை எடுத்துவிட்டு, 7 இன்ச் அகல இ.டி. 40 போட்டால் ரிம் வெளிப்பக்கம் சுமார் 18 மில்லிமீட்டரும், உள்பக்கம் சுமார் 8 மில்லிமீட்டரும் நீளும். வெளியே நீண்டது ஃபெண்டரில் உரசும், சேற்றைக் கதவில் அடிக்கும், வீல் பேரிங் மேல் பாரம் ஏற்றும். உள்ளே நீண்டது ஸ்டிரட்டில் உரசும். அதிலும் காரை இறக்கியிருந்தால், ஐந்து பேர் ஏறிய அன்றுதான் உரசல் தெரியவரும்.

*பி.சி.டி., சென்டர் போர்:* போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் அளவு பி.சி.டி. போலோவுக்கு 5 போல்ட், 100 மில்லிமீட்டர். நடுத்துளை 57.1 மில்லிமீட்டர். நடுத்துளை பெரிதாக இருக்கும் ரிம் வாங்கினால், இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் கட்டாயம் போட வேண்டும். இல்லாவிட்டால் 90-ல் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நிற்காது. 98 மில்லிமீட்டர் ரிம்மை 100-ல் இழுத்து மாட்டுவது உயிரோடு விளையாடுவது. ரிம்மில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோ, வெளிநாட்டு ரிம் என்றால் ஜப்பானின் ஜே.டபிள்யூ.எல். குறியோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்த அளவில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது. உங்கள் காரின் மேல் வேரியன்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் வீல், டயர் அளவைப் பாருங்கள். கீழ் வேரியன்ட் வைத்திருப்பவர் அதே அளவுக்கு மாறினால் பொருத்தமும் சரியாக இருக்கும், கேள்விகளும் குறையும். எந்த மாற்றம் செய்தாலும் செய்வதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து நடந்த பிறகு சர்வேயர் வந்து ஃபெண்டரைத் தாண்டி நிற்கும் வீலைப் பார்க்கும்போது விளக்கம் சொல்வது கஷ்டம். வாரன்டி காலத்தில் இருக்கும் கார் என்றால் சர்வீஸ் சென்டரிலும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டெல்டாவுக்கு ஏற்ற செட்டிங்

மொத்தத்தில் இப்படி வரும்: கம்பெனி உயரம் அல்லது 15 மில்லிமீட்டருக்குள் ஓர் இறக்கம். அதற்கு ஜோடியான நல்ல ஷாக். 16 இன்ச்சில் எடை குறைந்த, தரமான ரிம். சுமை எண் குறையாத நல்ல டயர். புது புஷ்கள். கையில் அலைன்மென்ட் ரிப்போர்ட். ரீல்ஸில் போட்டால் பெரிதாக லைக் விழாது. ஆனால் அலை ரோட்டில் நான்கு சக்கரமும் தரையைவிட்டு எழாது, அதுதான் வேகம்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் ஐந்து பேரையும் ஏற்றி, டிக்கியில் ஒரு மூட்டையையும் வைத்து, நீடாமங்கலம் கேட்டில் மற்ற வண்டிகளோடு சேர்ந்து தண்டவாளத்தைத் தாண்டி, ஆலங்குடி வரை போய்த் திரும்புங்கள். பிறகு டேப்பை எடுத்துக் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே அளந்து பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் இறக்கலாம் என்று டேப்பே சொல்லிவிடும்.